துண்டை அவிழ்த்துவிடுங்கள், இடுப்பிலிருந்து தொடங்குவோம்

கேள்வி: என் மாமனாருக்கு 68 வயது. எட்டு மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து இடது கையும் காலும் செயலிழந்துவிட்டன. பேச்சு தெளிவாக இருக்கிறது. சர்ஜிக்கல் கடையில் 18 இன்ச் மடக்கு வீல்சேர் வாங்கினோம். உட்கார வைத்த அரை மணி நேரத்தில் முன்னால் சறுக்கி வந்துவிடுகிறார், இடது பக்கமாகச் சாய்கிறார். முதுகுக்குத் தலையணை வைத்தோம். வயிற்றைச் சுற்றித் துண்டால் சேரோடு கட்டினோம். இடது கால் வீங்குகிறது என்று அந்தப் பக்க ஃபுட்ரெஸ்டைத் தூக்கி நீட்டி வைத்தோம். வலது காலால் தரையை உந்தி வீட்டுக்குள் அவரே நகர்ந்து போகிறார். போன வாரம் குளிப்பாட்டும்போது வால் எலும்புக்கு மேலே ரூபாய் நாணயம் அளவில் ஒரு கறுத்த திட்டு தெரிந்தது. சறுக்காமல் இருக்க எந்த பெல்ட் வாங்கலாம்?
வாசகி, பெரம்பூர்

பதில்:

பெல்ட் பற்றிப் பிறகு பேசலாம். இதைப் படித்ததும் முதலில் அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள். இடுப்பு முன்னால் நழுவும்போது வயிற்றில் கட்டிய துண்டு இருந்த இடத்தில் நிற்காது. விலா, மார்பு என்று ஏறி, கடைசியில் தொண்டைக்கு வரும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இல்லையென்றால், ஒரு கை மட்டும் இயங்கும் ஒருவரால் முடிச்சை அவிழ்த்துக்கொள்ள முடியாது. இப்படிக் கழுத்து இறுகி உயிர் போனதும் உண்டு. துண்டு, துப்பட்டா, பழைய சேலை எதுவுமே வேண்டாம்.

அடுத்தது அந்தத் திட்டு. விரலால் மெதுவாக அழுத்தி எடுத்துப் பாருங்கள். அழுத்திய இடம் வெளுத்து மறுபடி நிறம் திரும்பினால் ரத்த ஓட்டம் இருக்கிறது. நிறம் மாறாமல் அப்படியே இருந்தால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை. நம் நிறத்துத் தோலில் இந்த வித்தியாசம் கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. அதனால் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ, கெட்டியாகவோ, சொதசொதவென்றோ இருந்தாலும் அதே அர்த்தம்தான். திட்டு மறையும்வரை அந்த இடத்தில் எடை விழவே கூடாது. பக்கவாட்டில் படுக்க வையுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். செயலிழந்த தோள் அடியில் சிக்கி நசுங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய் தடவித் தேய்க்காதீர்கள். உள்ளே நைந்துபோன திசு தேய்க்கத் தேய்க்க இன்னும் நையும். நடுவில் ஓட்டை உள்ள டியூப் தலையணையும் கூடாது. ஓட்டையைச் சுற்றி அந்த வளையம் அழுத்தி, நடுவிலுள்ள தோலுக்கு வரும் ரத்தத்தைக் குறைத்துவிடும்.

அந்த இடத்தில் ஏன் வந்தது என்பதிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. நிமிர்ந்து உட்காரும்போது எடை, புட்டத்துக்கு அடியில் கைக்குத் தட்டுப்படும் இரண்டு உட்காரும் எலும்புகளிலும் தொடைகளிலும் பரவுகிறது. வால் எலும்புக்கு வேலையே இல்லை. இடுப்பு பின்பக்கமாகச் சரிந்து, முதுகு வில்லாக வளைந்தால்தான் வால் எலும்பு சீட்டில் படும். அதோடு சறுக்கலும் சேர்ந்தால், தோல் ரெக்சினோடு ஒட்டி நிற்க எலும்பு மட்டும் முன்னால் நகர்கிறது. நடுவில் இருக்கும் சின்ன ரத்தக் குழாய்கள் முறுக்கி இழுபடுகின்றன. வெறும் அழுத்தத்தைவிட இந்த இழுப்புதான் வேகமாகப் புண்ணாக்கும்.

அவர் ஏன் சறுக்குகிறார்? உங்கள் கடிதத்தில் நான்கு காரணங்கள் தெரிகின்றன. அதில் முதல் இரண்டும் நல்லெண்ணத்தில் செய்யப்போய் வந்தவை.

முதலாவது, நீட்டி வைத்த இடது கால். தொடையின் பின்தசை உட்காரும் எலும்பில் தொடங்கி முழங்காலைத் தாண்டி இறங்குகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு இந்தத் தசை இறுகிவிடும். முழங்காலை நீட்டினால் அது கயிறு போல இடுப்பெலும்பை முன்னுக்கு இழுக்கும். ஒரு காலை மட்டும் நீட்டினால் இடுப்பின் அந்தப் பக்கம் மட்டும் முன்னால் போய், உடம்பே திருகிக்கொள்ளும். இடது பக்கச் சாய்வில் இதற்கும் பங்கு உண்டு. வீக்கத்துக்கும் இதனால் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் பாதம் இன்னும் இதயத்துக்குக் கீழேதான் இருக்கிறது. ஃபுட்ரெஸ்டை இறக்கிவிட்டு, மதியம் ஒரு மணி நேரம் படுக்க வைத்துக் காலுக்கடியில் இரண்டு தலையணை கொடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அது வேறு விஷயம். ரத்தக்கட்டாக இருக்கலாம், அன்றே டாக்டரிடம் காட்டவேண்டும்.

இரண்டாவது, முதுகுத் தலையணை. மேல்முதுகில் தலையணை வைத்தால் மார்பு முன்னால் தள்ளப்படும், அதைச் சமாளிக்க இடுப்பு இன்னும் முன்னால் நழுவும். தாங்கல் வேண்டிய இடம் அதற்குக் கீழே. வேட்டி கட்டும் இடத்தில், இடுப்பெலும்பின் மேல் விளிம்பை ஒட்டி வேண்டும். அதற்கும் கீழே, சீட்டிலிருந்து 10 செ.மீ. வரை காலியாக விடவேண்டும். புட்டச் சதை பின்னால் போக அந்த இடைவெளி இல்லையென்றால், முதுகுப் பலகையே இடுப்பை முன்னால் தள்ளும். வீட்டில் நடக்கும் பெரும்பாலான தவறு இதில்தான்.

மூன்றாவது, தொய்ந்த சீட். மடக்கு வீல்சேரின் ரெக்சின் சீட் சில மாதங்களில் ஏணை மாதிரி தொய்ந்துவிடும். தொடைகள் உள்பக்கம் திரும்பும், இடுப்பு ஒரு பக்கம் இறங்கும். 18 இன்ச் என்பது சீட்டின் அகலம், அதாவது 46 செ.மீ. நோயில் இளைத்தவருக்கு இடுப்பு அகலம் 36 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மீதி 10 செ.மீ. அவர் சாய்வதற்கான இடம்.

நான்காவது காரணத்தை யாரும் கவனிப்பதில்லை. அவர் வலது காலால் உந்திப் போகிறார். வழக்கமான மடக்கு வீல்சேரின் சீட் தரையிலிருந்து சுமார் 50 செ.மீ. உயரம். முழங்கால் மடிப்பிலிருந்து செருப்போடு சேர்த்து அவருடைய குதிகால்வரை 42 செ.மீ.தான் இருக்கிறது என்றால், பாதம் தரையைத் தொட அவர் சீட் விளிம்புக்கு வந்தே ஆகவேண்டும். அவர் சறுக்கவில்லை, தரையைத் தேடி வருகிறார். அந்த உந்துதல் அவருக்கு மிச்சமிருக்கும் சுதந்திரம். அதை நிறுத்தச் சொல்லாதீர்கள், சேரை அவருக்கு ஏற்றபடி மாற்றுங்கள்.

அதற்கு முதலில் அளவு. கெட்டியான பெஞ்சிலோ மர நாற்காலியிலோ நிமிர்ந்து உட்காரவைத்து, ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் அளக்கவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், திட்டு இருக்கிறது. தையல் டேப் உடம்பின் வளைவோடு போய் அளவைக் கூட்டிக் காட்டும். இரண்டு பக்கமும் தடித்த புத்தகத்தை நிறுத்தி, புத்தகங்களுக்கு நடுவே இருக்கும் தூரத்தை அளந்தால் இடுப்பு அகலம் சரியாகக் கிடைக்கும். சீட் அகலம் அதைவிட 2 செ.மீ. கூடுதலாக இருந்தால் போதும். புட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்புவரை அளந்து அதில் 4 செ.மீ. கழித்தால் சீட்டின் ஆழம். மடிப்புக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையவேண்டும். சீட் அதைவிட நீளமாக இருந்தால் விளிம்பு முழங்காலின் பின்புறத்தில் இடித்து அவரை முன்னால் இழுக்கும். மடிப்பிலிருந்து குதிகால்வரை செருப்போடு அளந்தால் உயரம். இரண்டு காலுக்கும் தனித்தனியாக அளந்துவிடுங்கள்.

இந்த அளவுகளோடு ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டையோ (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவர்) பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. ஈ.சி.ஆர். பக்கம் முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. வெளியே அழைத்துப்போவது சிரமம் என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது, பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியலாம். யாரைப் பார்த்தாலும் ஒன்றைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். மல்லாந்து படுக்கவைத்து இடுப்பை 90 டிகிரி மடக்கும்போது கீழ்முதுகு எழும்புகிறதா, அப்படியே முழங்காலை நீட்டும்போது எந்தக் கோணத்தில் இடுப்பு நகர்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு 90 டிகிரிக்கு மடங்கவில்லை என்றால், எவ்வளவு நல்ல சீட்டில் வைத்தாலும் சறுக்குவார். பேக்ரெஸ்டைப் பின்னால் சற்றுச் சாய்த்துக் கொடுத்தால்தான் சறுக்காமல் இருப்பார். கூன் இறுகிப்போயிருந்தாலும் அப்படித்தான். இறுகிய உடம்பை நிமிர்த்தக் கூடாது, அதற்கேற்பத் தாங்கல் கொடுக்கவேண்டும்.

உடம்பு இணங்குகிறது என்றால், இருக்கிற சேரையே கணிசமாகச் சரிசெய்யலாம். சோபா ரிப்பேர் செய்பவரும் ஒரு தச்சரும் போதும். சீட்டின் மேல் 12 மி.மீ. பிளைவுட், முனைகளை உருட்டித் தேய்த்தது. அதன்மேல் இரண்டடுக்கு ஃபோம். கீழடுக்கு கெட்டியானது, 2 இன்ச். அதில் பின்புறத்திலிருந்து 18 முதல் 20 செ.மீ. நீளத்துக்கு ஒரு இன்ச் ஆழப் பள்ளம் வெட்டவேண்டும், உட்காரும் எலும்புகள் அதில் இறங்கி உட்காரும். பள்ளத்துக்கு முன்னால் எழும் மேடுதான் இனிமேல் அவரை நழுவாமல் நிறுத்தப்போவது, துண்டு அல்ல. மேலடுக்கு ஒன்றரை இன்ச், கொஞ்சம் மென்மையானது, நல்ல தரமான 40 டென்சிட்டி எச்.ஆர். ஃபோம் (அழுத்தி விட்டதும் எழும்பும் வகை). அடிபட்ட ஃபோம் துண்டுகளை ஒட்டிச் செய்த ரீபாண்டடும், தேங்காய் நார்ப் பலகையும் மேலே வேண்டாம், கல் மாதிரி அழுத்தும். இலவம்பஞ்சு ஒரு மாதத்தில் கட்டி கட்டியாகிவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, முன்பே சொல்லிவிடுகிறேன். பலகையும் ஃபோமும் சேர்ந்து அவரை மூன்று இன்சுக்கு மேல் உயர்த்திவிடும். ஏற்கெனவே எட்டாத தரை இன்னும் தூரமாகும். அதனால் ரெக்சினைக் கழற்றிவிட்டு, பிளைவுட்டின் பக்கங்களில் இரும்புக் கொக்கி வைத்து, சீட்டின் இரண்டு குழாய்களுக்குக் கீழே தொங்கும்படி பலகையை இறக்கச் சொல்லுங்கள். மடக்கும்போது பலகையைத் தூக்கி எடுத்துவிடலாம். கொக்கி கழன்று வராமல் பூட்டு வேண்டும், எடை தாங்குகிறதா என்று முதலில் வேறொருவர் உட்கார்ந்து பார்க்கவேண்டும். வலது தொடைப் பக்கம் மட்டும் ஃபோமின் முன்விளிம்பைச் சரிவாகச் சீவிவிட்டால் அந்தக் கால் இன்னும் கொஞ்சம் இறங்கும். இவ்வளவும் செய்தும் குதிகால் தரையில் படவில்லை என்றால், சீட் உயரம் குறைந்த வேறு சேர்தான் வழி. வெல்டிங் பட்டறையில் சக்கரத்தை மாற்றி உயரத்தைக் குறைக்கப் பார்க்காதீர்கள், பின்னால் கவிழும் சேராக மாறிவிடும். யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வீல்சேருக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தோடு அளவுகளையும் எழுதிக் கொடுங்கள்.

அகலத்தின் மிச்சத்தை இரண்டு பக்கமும் சம அளவு கெட்டி ஃபோம் கட்டைகளால் நிரப்புங்கள். சாய்கிற பக்கம் மட்டும் முட்டுக்கொடுத்தால் அவரை வலப்பக்கம் தள்ளிவிட்டதாகும்.

கவருக்குக் காட்டன், கொஞ்சம் இழுவை உள்ள துணி. கத்திரி வெயிலில் ரெக்சின்மேல் உட்கார்ந்தால் வியர்வையில் ஊறிய தோல் ஒரே இழுப்பில் உரியும். சிறுநீர் கசியும் என்று பிளாஸ்டிக் ஷீட்டோ, உறிஞ்சட்டும் என்று மடித்த டர்க்கி டவலோ மேலே போட்டால் ஃபோமில் செய்த பள்ளம் வீணாகும். இரண்டு கவர் தைத்து மாற்றி மாற்றித் துவையுங்கள். ஃபோமை மாதம் ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்து, எழும்பவில்லை என்றால் மாற்றுங்கள்.

தினமும் உட்கார வைக்கும் முறை இதைவிட முக்கியம். திட்டு மறைந்த பிறகு இப்படிச் செய்யுங்கள். சேரைக் கொஞ்சம் பின்னால் உருட்டி நிறுத்துங்கள். அப்போது முன்சக்கரங்கள் முன்பக்கம் திரும்பும், அவர் குனியும்போது சேர் முன்னால் கவிழாது. இரண்டு பிரேக்கும் போடுங்கள். இடது பிரேக் அவருடைய வலது கைக்கு எட்டாது. ஒரு சாண் பிவிசி குழாயை அந்தப் பிடியில் இறுக்கமாகச் செருகிவிட்டால் அவரே போட்டுக்கொள்வார். ஃபுட்ரெஸ்டை மடக்கி, இரண்டு பாதமும் தரையில் படட்டும். நீங்கள் எதிரே நின்று உங்கள் முழங்கால்களால் அவர் முழங்கால்களுக்கு அணை கொடுங்கள். மூக்கு முழங்காலுக்கு நேராக வரும்வரை அவர் முன்னால் குனியட்டும். இப்போது எடையை வலப்பக்கம் சாய்த்து, இலகுவான இடது புட்டத்தைப் பின்னால் தள்ளுங்கள். பிறகு இடப்பக்கம் சாய்த்து வலதைத் தள்ளுங்கள். இப்படி மாறி மாறி நடத்திப் பின்னால் கொண்டுபோங்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது. செயலிழந்த தோள் ஏற்கெனவே தளர்ந்து கிடக்கிறது, ஒரே இழுப்பில் இறங்கிவிடும்.

உட்கார்ந்த பிறகு எதிரே குந்தி, அவர் இடுப்பின் முன்புறம் துருத்தும் இரண்டு எலும்பு முனைகளிலும் உங்கள் கட்டைவிரல்களை வையுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கிறதா? ஒரே தூரத்தில் இருக்கிறதா? பிறகு உள்ளங்கை மேலே பார்த்தபடி உங்கள் கையை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் தொடைக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போனால் ஃபுட்ரெஸ்ட் உயரம், முழங்கால் தூக்கிக்கொண்டு எடை முழுவதும் பின்னால் விழுகிறது. நுழையவே இல்லையென்றால் ஃபுட்ரெஸ்ட் தாழ்வு. இறுக்கமாக, தட்டையாக நுழைந்தால் சரி. ஃபுட்ரெஸ்டின் அடி தரையிலிருந்து 5 செ.மீ.யாவது மேலே இருக்கட்டும், வாசல் மேட்டில் இடிக்கும். வேட்டி முடிச்சு, பேண்டின் பின்பாக்கெட் பர்ஸ், டயப்பர் மடிப்பு எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிடுங்கள். லுங்கியின் ஓரம் சக்கரக் கம்பியில் சிக்காமல் செருகுங்கள்.

இடது கை தொங்கவே கூடாது. மடிமேல் வைக்கும் மரத்தட்டு, மேலே மெல்லிய ஃபோம், முழங்கை தோளுக்குச் சற்று முன்னால், விரல்கள் விரிந்து. தட்டு தோளைத் தூக்கும் அளவுக்கு உயரமாக இருக்கக் கூடாது. எந்நேரமும் வேண்டாம், தட்டு போட்டிருக்கும்போது அவரால் தானாக எழமுடியாது. சாப்பிடும்போது இடுப்பைச் சரிசெய்த பிறகுதான் முதல் வாய். சரிந்து உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்து விழுங்கினால் உணவு மூச்சுக்குழாய்க்குப் போகும். சாப்பிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும். டிவி சுவரில் உயரத்தில் இருந்தால் கண் மட்டத்துக்கு இறக்குங்கள். அண்ணாந்து பார்ப்பவரின் இடுப்பு நழுவத்தான் செய்யும்.

இவ்வளவும் முடிந்த பிறகு பெல்ட். ஒன்றரை இன்ச் அகல நாடா, சீட் சட்டத்தில், பேக்ரெஸ்ட் சேரும் மூலைக்குச் சற்று முன்னால் பொருத்தப்பட்டது. சீட்டோடு சுமார் 60 டிகிரி கோணத்தில் எழுந்து, அந்த எலும்பு முனைகளுக்குக் கீழே, தொடை தொடங்கும் மடிப்பின்மேல் படவேண்டும். வயிற்றில் படவே கூடாது. இரண்டு விரல் தட்டையாக நுழையும் அளவு இறுக்கம். பக்கிளை அவருடைய வலது கையாலேயே திறக்க முடியவேண்டும், அவருக்கு அது தெரிந்திருக்கவும் வேண்டும். திறக்கத் தெரியாதவருக்கு அது பெல்ட் இல்லை, கட்டு. காரில் போகும்போது இது காப்பாற்றாது, வண்டியின் சீட்டுக்கு மாற்றி வண்டி பெல்ட்டையே போடுங்கள்.

தோல் தெளிந்து அவர் மறுபடி உட்காரத் தொடங்கும்போது, முதல் இரண்டு மூன்று நாள் அரை மணி நேரம் மட்டும் உட்காரவைத்து, படுக்கவைத்துத் தோலைப் பாருங்கள். சிவப்போ கறுப்போ அரை மணி நேரத்துக்குள் மறைந்தால் நேரத்தைக் கால் கால் மணி நேரமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். உட்கார்ந்திருக்கும்போது அரை மணிக்கு ஒருமுறை, எதிரே மேஜையில் தலையணை வைத்து அதன்மேல் மார்பு படும்படி இரண்டு நிமிடம் குனிந்திருக்கச் சொல்லுங்கள், நீங்கள் அருகிலேயே நில்லுங்கள். உட்காரும் எலும்பின் கீழ் ரத்தம் திரும்ப அந்த இரண்டு நிமிடம் தேவை. ஒரு நொடி எழும்பி உட்கார்ந்தால் போதாது.

இன்று அந்தத் திட்டை போனில் படமெடுத்து வையுங்கள், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை அளவுக்கு வைத்து. மூன்று நாளில் சிறிதாகவில்லை என்றாலோ, தோல் உரிந்தாலோ, கொப்புளம் வந்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ இருந்தாலோ, அந்தப் படத்தோடு டாக்டரிடம் போங்கள். சர்க்கரை நோய் இருந்தால் மூன்று நாள் காத்திருக்கவேண்டாம், நாளையே போங்கள்.